இப்போது எங்கே இருக்கிறீர்கள்?

வீடியோவில் ஒரு நோயாளியைப் பார்க்க உட்கார்ந்தால், உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "இப்போது எங்கே இருக்கிறீர்கள்? முகவரி சொல்லுங்கள்." பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது? அதற்காகத்தான். கணினியில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

2020 இலையுதிர் காலத்தில் ஒருநாள் என் திரையில் வந்தவர் அமெரிக்காவின் மரைன் படையில் இருந்த ஒரு முன்னாள் வீரர். "பாலத்துக்கு அடியில் இருக்கிறேன், டாக். ஆற்றுப் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது தூண்" என்றார். நான் கட்டத்தில் அதையே தட்டினேன். மேம்பாலம், ஆற்றுப் பக்கம், மூன்றாவது தூண்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். ஆனால் மரைன் படையில் கூடவே போர்முனைக்கு வரும் மருத்துவ உதவியாளரை எல்லோரும் 'டாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாயில் அது நம் ஊர் 'அக்கா' மாதிரி ஒரு உறவுமுறை. அதனால் நான் திருத்தவில்லை.

அவர் போனில் அப்போது ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. தலைக்கு மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பீரங்கிச் சத்தத்தில் கெட்டுப்போன காது, உள்ளே எந்நேரமும் இரைச்சல். நான் சொல்வதில் பாதியை என் உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். பிரஷர் எகிறியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். மற்றதைப் போடுகிறேன், அந்த நீர் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டேன் என்றார். ஏன் என்றேன். "அதைப் போட்டால் மணிக்கு ஒருதரம் ஒதுங்க வேண்டியிருக்கிறது. கடைகளின் கழிப்பறை எல்லாம் கொரோனாவுக்குப் பூட்டிக் கிடக்கிறது. நான் எங்கே போவேன்?"

மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டருக்கு எழுதினேன். அதற்குள் திரை இருண்டுவிட்டது. மொத்தம் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடம் என்னை மாற்றியது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ராணுவத்தில் இருந்தவருக்கு வீடு இல்லையா என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் கேட்கிறார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் திகைத்தேன். என் அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கம் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றால் மாசாமாசம் பென்ஷன் வருகிற வீடு, கேன்டீன் கார்டு வைத்திருக்கிற வீடு, தயங்காமல் பெண் கொடுக்கிற வீடு. அமெரிக்காவில் கதை வேறு. முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் பொதுவாக இருபது ஆண்டு பணியில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்கு வெகு முன்னாலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். உடலிலோ மனதிலோ காயம் என்றால் ஊனத்துக்கான மாதத் தொகை உண்டு. ஆனால் அது பணியால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் 'கௌரவக் குறைவாக' வெளியேற்றப்பட்டவர்களுக்கு அந்தக் கதவும் பாதி மூடியிருக்கும். அப்புறம் குடி, போர் தந்த கெட்ட கனவுகள், உடைந்த மணவாழ்க்கை, ஏறிக்கொண்டே போகும் வாடகை.

இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரி மாத இரவு ஒன்றில், வீடில்லாதவர்களை எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் 2010-ல் 74,087 முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். 2024-ல் 32,882 பேர். பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. வீட்டு வசதித் துறை வாடகை உதவிச் சீட்டு கொடுக்க, படைவீரர் நலத் துறையான வி.ஏ. அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு கேஸ் மேனேஜரைக் கூடவே அனுப்பும் 'ஹட்-வாஷ்' திட்டம் 2008-க்குப் பிறகு பெரிதாக வளர்ந்தது. குறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியும் 2024-ல் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் ஷெல்டர் எனப்படும் தற்காலிகத் தங்குமிடத்தில்கூட இல்லை. தெருவிலும் காரிலும் பாலத்தடியிலும் படுத்திருந்தார்கள்.

இவர்களுக்கென்றே வி.ஏ.வில் தனி ஆரம்ப சுகாதாரக் குழுக்கள் உண்டு. 'எச்-பேக்ட்' என்பார்கள். 2012 வாக்கில் தொடங்கியவை. டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் எல்லோரும் ஒரே இடத்தில். முன்பதிவு வேண்டாம், நேராக வரலாம். எங்கள் கிளினிக்கில் குளிக்கலாம், துவைத்த காலுறை வாங்கிக்கொள்ளலாம், காபி குடிக்கலாம். பலர் காபிக்குத்தான் வருவார்கள். வந்த இடத்தில் பிரஷர் பார்ப்போம், காலைப் பார்ப்போம். எங்கள் வேலை முழுவதும் திறந்திருக்கும் ஒரு கதவை நம்பித்தான் நடந்தது.

2020 மார்ச்சில் அந்தக் கதவை மூடினோம்.

வி.ஏ.வுக்குத் தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பது புதிது இல்லை. 'வி.ஏ. வீடியோ கனெக்ட்' 2017-லேயே வந்துவிட்டது. நோயாளியின் போனுக்கு ஒரு இணைப்பு போகும், தொட்டால் டாக்டர் முகம் தெரியும். ஒரு மாநிலத்து உரிமம் வைத்திருக்கும் வி.ஏ. டாக்டர் வேறு மாநிலத்தில் இருக்கும் நோயாளியை வீடியோவில் பார்க்கலாம் என்று 2018-ல் விதியையும் மாற்றினார்கள். இணைய வசதி இல்லாதவர்களுக்கு டேப்லெட்டை இரவல் தரும் திட்டம் 2016 முதலே ஓடிக்கொண்டிருந்தது. ஆக, பெருந்தொற்று வந்தபோது மற்ற மருத்துவமனைகளைவிட நாங்கள் தயாராகவே இருந்தோம். ஆனால் அந்தத் தயாரிப்பெல்லாம் வீடு இருக்கிறவரை மனதில் வைத்துச் செய்தது. மேசை இருக்கும், சுவரில் ப்ளக் இருக்கும், கதவைச் சாத்தினால் அறை அமைதியாகிவிடும் என்று நினைத்துச் செய்தது.

எங்கள் ஆட்கள் போனை எங்கே சார்ஜ் செய்வார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பொது நூலகத்தில். துரித உணவுக் கடையில் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம். துணி துவைக்கும் கடையில். எல்லோரும் போனில் மருத்துவம் பார்க்கலாம் என்று நாங்கள் அறிவித்த அதே வாரத்தில்தான் இந்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடின. இலவச வைஃபையும் அங்கேதான் இருந்தது. ஒரு கையால் போனைக் கொடுத்துவிட்டு மறு கையால் ப்ளக்கைப் பிடுங்கியது போல் ஆகிவிட்டது.

போன்கள் வந்தன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று நிவாரணத்துக்காக நிறைவேறிய கேர்ஸ் சட்டத்தின் பணத்தில் வீடில்லாத படைவீரர்களுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார்கள். வி.ஏ. வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவைத் தங்கள் வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று சில பெரிய தொலைபேசி நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. பெட்டி பெட்டியாக வந்த போன்களை நாங்களே பிரித்து, எழுத்தைப் பெரிதாக்கி, சத்தத்தைக் கூட்டி, முகப்பில் ஒரே ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தோம். விற்றுவிடுவார்கள் என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். சிலர் விற்றார்கள்தான். சிலருடையது திருடு போனது, மழையில் நனைந்தது, நகராட்சிக்காரர்கள் டென்ட்டுகளை அள்ளியபோது குப்பை லாரியோடு போனது. மறுபடி கொடுத்தோம். மூக்குக் கண்ணாடி உடைந்தால் திட்டிவிட்டா புதியது எழுதித் தருகிறோம்?

போனோடு பவர் பேங்கையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை திருந்தியது. அதற்கு முன்னால் சொன்ன நேரத்தில் வராதவர்களை 'வரவில்லை' என்று எழுதி வைத்தோமே, அதில் எத்தனை பேர் வர மனமில்லாதவர்கள், எத்தனை பேர் சார்ஜ் இல்லாதவர்கள்? எங்கள் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே சொல்தான்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கிளினிக்குக்கு வரவே வராத சிலர் போனில் வந்தார்கள். ஒருவரிடம் காரணம் கேட்டேன். "கிளம்பி வந்தால் என் டென்ட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? நாயை எங்கே விடுவேன்?" என்றார். மூன்று பஸ் மாறி வந்து, காத்திருந்து, திரும்பிப் போவதற்குள் ஒரு பகல் போய்விடும். அதற்குள் போர்வை, மருந்துப் பை, படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் எல்லாம் காணாமல் போயிருக்கலாம். உடம்பைப் பற்றி அக்கறை இல்லாதவர் என்று அவரைப் பற்றிப் பழைய குறிப்பு ஒன்று எங்கள் பதிவில் இருந்தது. அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

இன்னொருவர் ஒரு பெண்மணி. படையில் இருந்தபோதே கூட வேலை செய்தவனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர். எங்கள் மருத்துவமனை நடைவழி முழுக்க ஆண்கள். படைப்பிரிவின் பெயர் போட்ட தொப்பியோடு, உரக்கப் பேசிக்கொண்டு. வாசல் வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறார். பெண்கள் ஷெல்டரின் துணி துவைக்கும் அறையில், உலர்த்தும் இயந்திரத்தின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் ஓராண்டு முழுக்கப் பேசினார். தைராய்டு சரியானது, தூக்கம் ஓரளவு வந்தது. அடுத்த ஆண்டு நேரில் வந்தார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அவராகவே நாள் கேட்டார். திரை வழியாகத் தொடங்கிய பழக்கம்தான் அவரை வாசல் தாண்டி உள்ளே கூட்டி வந்தது.

காரில் வாழ்பவர்கள் இதில் எல்லோரையும்விடக் கெட்டி. கண்ணாடியை ஏற்றினால் தனி அறை, சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜர். ஷெல்டரில் இருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். நாற்பது கட்டில் போட்ட கூடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நான் எப்படிக் கேட்பேன்? பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கிறார். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்தோம். காதில் மாட்டும் கருவியைக் கொடுத்துவிடுவோம். ஆம், இல்லை என்ற ஒரே சொல்லில் பதில் வருகிற மாதிரி நான் கேட்பேன். அவர் வானிலையைப் பற்றிப் பேசுகிற முகத்தோடு "ஆமாம்" என்பார். அந்த "ஆமாம்" வந்ததும் என் குரல் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பழகியவளுக்கு அது மிகவும் கடினமாக இருந்தது. இன்றும் கடினம்தான்.

வீடியோ உயர்வு, வெறும் தொலைபேசி தாழ்வு என்று எங்கள் துறையில் ஒரு எண்ணம் இருக்கிறது. கூட்டங்களில் வீடியோ எத்தனை சதவீதம் என்றுதான் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காது கேளாதவருக்கு வீடியோ வேண்டும். அந்த மரைன்காரருக்கு என் உதடு தெரிந்தே ஆக வேண்டும். புண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் வீடியோ வேண்டும். ஆனால் தான் படுத்திருக்கும் இடத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவருக்கு வீடியோ அவமானம். ஒருவர் ஒவ்வொரு முறையும் கேமராவை வானத்தைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் பேசுவார். மூன்று மாதம் மேகத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய சுகர் கணக்கைக் கேட்டேன். சாதாரண போனில் பேசலாமே என்று நான் சொன்னதும் அவர் விட்ட பெருமூச்சு இன்னும் நினைவிருக்கிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் குரலை மட்டும் கேட்டாலே, குடித்திருக்கிறாரா, சாப்பிட்டாரா, நேற்று அழுதாரா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

திரையில் தெரியாதவையும் நிறைய. கால். சர்க்கரை நோயாளியின் கால் விரலிடுக்கு. ஈரக் காலுறையைக் கழற்றும்போது வரும் வாடையைக் கொண்டு எவ்வளவு தூரம் அழுகியிருக்கிறது என்று அனுபவமுள்ள நர்ஸ் சொல்லிவிடுவாள். எந்தக் கேமராவும் அதைச் சொல்லாது. அதனால் வண்டி எடுத்துக்கொண்டு நாங்களே போவோம். எங்கள் ஆள் டென்ட் வாசலில் டேப்லெட்டைப் பிடிப்பார், டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து பார்ப்பார், நான் காலைத் தொட்டு அழுத்திப் பார்த்துச் சொல்வேன். இங்கே திரையும் வேண்டும், கையும் வேண்டும். மொன்டானா மாநிலத்து யுரீகா மாதிரி சிற்றூர்களில் முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்திலேயே வீடியோ அறை வைத்தார்கள். பெரிய நகரத்தின் சூப் வழங்கும் கூடங்களிலும் அப்படி ஓர் அறையும் கதவும் ப்ளக்கும் கிடைத்தால் போதும் என்று எனக்குப் படுகிறது.

போதைப் பழக்கத்தில் மாட்டியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஹெராயின் போன்ற ஓப்பியாய்டு போதையைக் கைவிட உதவும் புப்ரெனார்ஃபின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 2008-ல் வந்த ரயன் ஹைட் சட்டப்படி, இப்படிப்பட்ட மருந்தைப் பொதுவாக ஒருமுறையாவது நேரில் பார்த்த பிறகுதான் எழுத முடியும். 2020 மார்ச்சில் அதைத் தளர்த்தி, போனில் பேசியே தொடங்கலாம் என்றார்கள். விட வேண்டும் என்கிற எண்ணம் ஒருவருக்கு ராத்திரி வந்து காலையில் போய்விடும். அந்த இடைவெளியில் அவர் கையில் போன் இருந்து, இந்தப் பக்கம் எடுக்க ஆள் இருந்தால் போதும், மறுநாளே மருந்து கிடைத்துவிடும்.

இந்தப் பக்கம் எடுக்க ஆள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். அங்கே ஒரு விதி. மூன்று முறை கூப்பிட்டும் நோயாளி எடுக்கவில்லை என்றால் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பதில் இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம். சர்க்கரை நோயாளி ஒருவரை நான் மூன்று முறை கூப்பிட்டேன். கடிதமும் போட்டேன். அவர் எப்போதோ விட்டு வெளியேறிய ஒரு ஷெல்டரின் முகவரிக்கு! வீடில்லாதவருக்குத் தபால் போடுகிறோமே என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. விதிப்படி எல்லாம் சரியாகச் செய்தேன். இரண்டு மாதம் கழித்து தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைப் பார்த்தேன். இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். "நம்பர் மாறிவிட்டது, நான் கூப்பிட்டேன்" என்றார். பொது எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து, காத்திருக்கவும் என்று இசை ஓடியிருக்கிறது. வறியவர்களுக்கான இலவச போனில் மாதத்துக்கு இத்தனை நிமிடம் என்று ஓர் அளவு. இசையைக் கேட்டே அவருடைய நிமிடங்கள் தீர்ந்துபோயின.

நான் என்னை இன்னும் முழுவதும் மன்னித்துக்கொள்ளவில்லை. போன் நம்பர்தான் அவருடைய வீட்டு வாசல். அது மாதத்துக்கு ஒருமுறை இடிந்து விழும். அப்படி விழும்போதெல்லாம் அவர் திரும்பி வருவதற்கு நம் பக்கத்து எண் அசையாமல் இருக்க வேண்டும். மனிதர் எடுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் இப்போது ஒரே நேரடி எண். முறை வைத்து எடுக்கிறோம். 'வரவில்லை' என்று யாரையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணோடு, அவரைப் பார்க்கக்கூடிய மூன்று பேரின் எண்ணையும் அவர் சம்மதத்தோடு வாங்கி வைக்கிறோம். நூலகப் பணியாளர், தேவாலயச் சமையற்கார அம்மா, பக்கத்து டென்ட்காரர், யாராக இருந்தாலும் சரி. மருந்தையும் கிளினிக்குக்கே வரவழைத்து வைத்திருப்போம். இல்லாவிட்டால் தபால் நிலையத்தில் 'ஜெனரல் டெலிவரி' என்று அவர் பெயருக்குப் பிடித்து வைப்பார்கள். வீடில்லாதவர் தபால் வாங்க இங்கே இருக்கும் பழைய வழி அது.

போன் வாங்கித் தருவதுகூட நிலையான ஏற்பாடாக இருக்கவில்லை. 2021 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம் வீடில்லாத படைவீரர்களுக்கு உணவு, தங்குமிடம், பயணம், போன் எல்லாம் வாங்கித் தர வி.ஏ.வுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் பெருந்தொற்று அவசரநிலை இருக்கும்வரைதான். 2023 மே 11-ல் அவசரநிலை முடிந்தது, அனுமதியும் முடிந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் அரசு கொடுத்துவந்த பங்கும் 2024-ல் பணம் தீர்ந்து நின்றுபோனது. 2025 ஜனவரியில் முன்னாள் செனட்டர் எலிசபெத் டோல் பெயரில் வந்த சட்டம், அத்தியாவசியங்களை வாங்கித் தரும் அதிகாரத்தை வி.ஏ.வுக்கு மறுபடி கொடுத்தது. நடுவில் போன இருபது மாதங்களில் எத்தனை எண்கள் எங்கள் நோட்டில் அடிபட்டன என்று எண்ண எனக்கு மனமில்லை.

மூன்றாவது தூண்காரருக்கு ஒருமுறை வீடு கிடைத்தது. எட்டு மாதம் இருந்தார். கதவைச் சாத்தினால் தூக்கம் வரவில்லை என்று வெளியே வந்துவிட்டார். இப்போது மறுபடி பட்டியலில் இருக்கிறார், இந்தத் தடவை தரைத்தளத்தில் ஜன்னல் பெரிதாக இருக்கும் வீடாகத் தேடுகிறோம். என் நோட்டில் அவர் பெயருக்குக் கீழே ஏழு எண்கள் அடித்திருக்கின்றன. ஆனால் எங்கள் நேரடி எண்ணை அவர் தன் படை எண்ணைப் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எந்த போனிலிருந்தாவது வந்துவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை வீடியோ கேட்டு வந்தது. நூலக வாசல் என்றார். கட்டத்தில் நூலகம் என்று தட்டினேன். பையிலிருந்த பிரஷர் கருவியைக் கையில் சுற்றி எனக்குக் காட்டினார். 138-க்கு 84. "நன்றாக இருக்கிறது" என்று உதடு தெரியச் சொன்னேன். சிரித்தார். இந்த போன் இன்னொரு பையனுடையது, ஐந்து நிமிடம்தான் தருவான் என்றார். சரி, வைத்துவிடலாம் என்றேன்.

"இரு டாக். இந்தப் பையன் ஆப்கானிஸ்தானில் இருந்தவன். முதுகு வலி தாங்கவில்லை என்கிறான். ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லையாம். பேசுகிறாயா?"

திரை ஆடியது. வானம், நூலகப் படிக்கட்டு, அப்புறம் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தாடி வைத்த ஒரு முகம். என் பெயரைச் சொன்னேன். கட்டத்தில் இருந்ததை அழிக்காமல் அவரிடமும் கேட்டேன். "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"